அல்பாய் மாகாணத்தில் மூன்று நாட்கள்: காக்சவா மணிக்கோபுரமும் மயோன் எரிமலையும்

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். வரும் ஏப்ரலில் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கச் செல்கிறோம். அங்கிருந்து மணிலா வழியாக லெகாஸ்பி சென்று, மூவருமாக அல்பாய் மாகாணத்தில் மூன்று நாட்கள் தங்க எண்ணியிருக்கிறோம். நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். எனவே, படத்துக்காக நின்றுவிட்டுத் திரும்புவதைவிட, பார்க்கும் இடத்தைப் புரிந்துகொண்டு பார்ப்பதையே விரும்புகிறேன். காக்சவாவில் ஒரு தேவாலயத்தை எரிமலைக்குழம்பு மூடிவிட்டதாகவும், அதன் மணிக்கோபுரம் மட்டும் வெளியே நிற்பதாகவும் படித்தேன். குழம்பு மூடிய கோபுரம் எப்படி எரியாமலும் உருகாமலும் நிற்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. மலையை எவ்வளவு அருகில் சென்று பார்க்கலாம், வேறு எவற்றைத் தவறவிடக் கூடாது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குறிஞ்சிமலர் எழுதியது:

வணக்கம் ஐயா. பணியின் பொருட்டு லெகாஸ்பியில் இரண்டாண்டுகள் வாழ்ந்தவள் நான். உங்கள் ஐயம் மிகச் சரியானது. அந்தத் தேவாலயத்தை அழித்தது எரிமலைக்குழம்பு அன்று. 1814 பிப்ரவரி 1ஆம் நாள் மயோன் வெடித்தபோது சாம்பலும் கற்களும் மழைபோலப் பொழிந்தன. சரிவில் குவிந்த சாம்பலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த சேற்றுவெள்ளம் ஊர்களின்மேல் ஏறியது. இந்தச் சேற்றுவெள்ளத்தை லஹார் என்கிறார்கள். காக்சவாவும் அருகிலிருந்த புதியாவோவும் அழிந்தன. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அடைக்கலம் தேடித் தேவாலயத்துக்குள் ஓடியவர்கள் என்று ஊரார் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் இன்று கோபுரம் தனித்து நிற்பதற்கு அந்த ஒரு நாள் மட்டும் காரணமன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்த புகைப்படங்களில் தேவாலயத்தின் முகப்புச் சுவர் நிற்பதைக் காணலாம்; அது பின்னர் நிலநடுக்கங்களில்தான் சரிந்தது. அந்தப் பழைய படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அதே கோணத்தில் நின்று பாருங்கள். வரலாற்று ஆசிரியரான உங்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி அங்கே கிடைக்காது என்பது என் எண்ணம்.

காக்சவாவைப் பார்த்த அன்றே தராகா தேவாலயத்தையும் பார்த்துவிடுங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமையடையாது. உயிர் பிழைத்தவர்கள் தராகா மேட்டுக்குக் குடிபெயர்ந்தது உண்மை. அவர்களுக்காகவே அந்தத் தேவாலயம் கட்டப்பட்டது என்று பல பயணக் குறிப்புகள் எழுதுவது மட்டும் பிழை. பிரான்சிஸ்கன் துறவியர் 1773இலேயே அதன் பணியைத் தொடங்கிவிட்டார்கள். எரிமலைக் கல்லால் கட்டிய சுவர்களும், முகப்பில் முறுக்கிய கயிறுபோல எழும் தூண்களும் நின்று பார்க்கத் தக்கவை. மாலைவரை வாசலிலேயே இருங்கள். எதிரே மலை தெரியும்.

பாறைநேசன் எழுதியது:

புவியியல் மாணவன் என்ற முறையில் மலையைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். மயோனின் உயரம் சுமார் 2,460 மீட்டர். அதன் கூம்பு அவ்வளவு சீராக இருப்பதற்குக் காரணம், உச்சியிலுள்ள ஒரே வாயின் வழியாகவே அது திரும்பத் திரும்ப வெடிப்பதுதான். ஒவ்வொரு முறையும் குழம்பும் சாம்பலும் எல்லாப் பக்கமும் படிந்து, முந்தைய மழைகள் அரித்த பள்ளங்களை நிரப்பிவிடுகின்றன. 1616ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 50 வெடிப்புகள் பதிவாகியுள்ளன. அழகு என்று நாம் வியக்கும் வடிவமே அந்த மலை ஓயவில்லை என்பதற்குச் சான்று.

உச்சியைச் சுற்றி 6 கிலோமீட்டர் வட்டம் நிரந்தர அபாயப் பகுதி. வழிகாட்டி அழைத்தாலும் அதற்குள் போகாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். 2013 மே மாதத்தில் நிலத்தடி நீர் வெப்பத்தில் ஆவியாகித் திடீரென நிகழ்ந்த ஒரு சிறு வெடிப்பில் மலையேறிகள் ஐவர் இறந்தனர். புறப்படும் முன் அந்நாட்டு எரிமலை ஆய்வு நிறுவனம் அறிவிக்கும் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். அது 0 முதல் 5 வரை இருக்கும். லெகாஸ்பியின் லிக்னோன் குன்று சுமார் 156 மீட்டர் உயரமே என்றாலும், மலை, நகரம், கடல் மூன்றையும் அங்கிருந்து ஒருசேரக் காணலாம். விடியற்காலையில் போனால் மேகம் குறைவாக இருக்கும்.

காக்சவாவில் கிடக்கும் பெரும் பாறைகள் அனைத்தும் 1814இல் வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். 2006இல் மயோன் வெடித்துச் சில மாதங்களே ஆன நிலையில், நவம்பர் 30 அன்று ரெமிங் புயல் கொட்டிய மழை புதிய சாம்பலைக் கரைத்து இறக்கியது. கினோபதான், காக்சவா அமைந்துள்ள தராகா, லெகாஸ்பி ஆகிய பகுதிகளில் குடியிருப்புகள் சேற்றில் புதைந்தன. அல்பாய் மக்களுக்கு லஹார் என்பது ஏட்டில் படித்த வரலாறு அன்று.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. மலையேறும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். ஒரு சிறு ஐயம்: மயோன் என்ற பெயருக்கும் நம் முல்லை நிலத்து மாயோனுக்கும் தொடர்பு உண்டா? மூன்றாம் நாளைத் திவி ஊருக்கு ஒதுக்கலாமா?

குறிஞ்சிமலர் எழுதியது:

ஒலி ஒற்றுமை மட்டுமே, ஐயா. அப்பகுதி மக்கள் பேசும் பிகோல் மொழியில் மகயோன் என்றால் அழகு. தரகாங் மகயோன் என்ற பெண்ணின் கல்லறை மேடே மலையாக வளர்ந்தது என்பது அவர்கள் கதை. அவள் காதலன் பங்கனோரோனின் பெயருக்கு மேகம் என்று பொருள். உச்சியை மேகம் மூடும்போது அவன் வந்திருக்கிறான் என்பார்கள். உங்களுக்கும் மலை ஓரிரு முறை மறையக்கூடும். ஏப்ரல் என்பதால் அஞ்ச வேண்டாம். நம் ஊரைப் போலவே அங்கும் வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில்தான் மழை மிகுதி.

திவி லெகாஸ்பியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. செம்மண் பாண்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். பூமியின் வெப்பத்திலிருந்து 1979 முதல் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். அதன் விளைவாக, முன்பு பயணிகள் தேடி வந்த நக்லக்போங் வெந்நீர் ஊற்றுகள் வற்றிப்போனதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளே எஞ்சியிருந்தால் நான் கமாலிகையே தேர்ந்தெடுப்பேன். அங்குள்ள ஹோயோப்-ஹோயோபன் சுண்ணாம்புக் குகைக்கு, உள்ளிருந்து வீசும் காற்றே பெயர் தந்தது. வழிகாட்டியுடன் மெதுவாக நடந்தால் போதும். அந்த ஊரில்தான் பினங்காத் சாப்பிட வேண்டும். சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் நெடுநேரம் வேகவைத்துச் செய்வது அது. உங்கள் நாவுக்கு அந்நியமாக இராது. இறைச்சியோ இறாலோ சேர்ப்பது வழக்கம் என்பதால், சைவ உணவு உண்பவர் என்றால் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.