படித்த பெண்ணுக்குப் பவுன் ஏன் கூடுகிறது?

கருங்கல் வாசகி:
வேதியியலில் முதுகலையும் பி.எட். பட்டமும் முடித்துவிட்டுத் தனியார் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்தது நம் குமரி மாவட்டம். ஆனால் எனக்கு வரன் பார்க்கும் தரகரோ, பெண் இவ்வளவு படித்திருப்பதால் அதைவிடக் கூடுதலாகப் படித்த மாப்பிள்ளையைத்தான் தேட வேண்டும் என்றும், அப்படிப்பட்டவர்கள் கேட்கும் பவுனும் கூடுதல் என்றும் கூறுகிறார். திருமணத்துக்குப் பின் நான் வேலையைத் தொடர்வதை யார் தீர்மானிப்பது என்று கேட்டால், மாப்பிள்ளை வீட்டாரைக் கை காட்டுகிறார்கள். அப்படியென்றால் இந்தப் படிப்பு யாருடையது?

ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்:
மக்களே, 1820களில் இதே ஊரில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி சிறுமியருக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அன்று நம் பகுதியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததோ 1855இல்தான். மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்துக்குப் பணிந்து 1859இல் வந்த அரசாணைகூட, உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அன்று எழுத்தும் கைக்காசும் ஒன்றாக வந்தன. இன்று நாம் பட்டத்தை மட்டும் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் காசைப் பிறர் கையில் விடுகிறோம்.

தக்கலை வாசகர்:
பெற்றோரைக் குறை கூறுவதில் எனக்கு உடன்பாடில்லை. சீதனம் என்பது மகளுக்குரிய பங்கு. மகனுக்கு வீடும் மனையும் போகும்போது, மகளுக்கு நகையாகப் போகிறது, அவ்வளவுதான்.

வழக்கறிஞர், குழித்துறை:
தக்கலை நண்பர் கூறுவது பழைய சட்டம். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கு மகனின் பங்கில் நாலிலொன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். சீதனம் பெற்றவளுக்கு அதுவும் இல்லை. அச்சட்டம் 1951லேயே செல்லாததாகிவிட்டது என்று தந்தையின் சொத்தில் சம பங்கு கேட்டு மேரி ராய் என்ற பெண்மணி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. இந்துக் குடும்பங்களில் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல் வந்தது. பங்குதான் என்றால், அதை அவள் பெயரில் பத்திரமாகப் பதிந்து கொடுக்கலாமே! வரதட்சணையைக் கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறொருவர் வாங்கியிருந்தால் அதை அந்தப் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. நடைமுறையில் லாக்கர் சாவி யாரிடம் இருக்கிறது என்பது நாம் அறிந்ததே.

கருங்கல் வாசகி:
நன்றி. அடுத்து வரும் வரனிடம், வேலை, சம்பளக் கணக்கு ஆகிய இரண்டைப் பற்றியும் தரகரை நம்பாமல் நானே நேரில் கேட்கப்போகிறேன். அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை, பாட்டிக்கு உண்டு. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வாங்கிய கூலியைக் கடைசிவரை தம் முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தவர் அவர்.