ரோல் வெடிக்குது, யாராச்சும் இருக்கீங்களா?

சனிக்கிழமை

நான்: மேரி பிஸ்கட் சாக்லேட் ரோல் சுருட்டுறேன், அங்கங்க வெடிக்குது 😭 நாளைக்கு ஸ்கூல் ஸ்டாலுக்கு 50 பீஸ் வேணும்

கோவை அத்தை: போட்டோ போடு கண்ணு. அளவும் சொல்லு

நான்: (படம்)

நான்: பிஸ்கட் 200 கிராம், கோகோ 2 மேசைக்கரண்டி, பொடிச்ச சர்க்கரை 3, காய்ச்சி ஆறின பால் 5. உள்ளே தேங்காயும் வெண்ணெயும்

கோவை அத்தை: ஓரத்துல குருணை குருணையா தெரியுது பாரு. சலிக்காம பிசைஞ்சிருக்கே. சின்னத் துண்டு ஒண்ணு இருந்தாக்கூட மடிக்கிறப்போ அங்கிருந்துதான் கீறல் ஓடும். ரவை சல்லடைல சலிச்சு, மேல நிக்கறதை மறுபடி ஒரு சுத்து விடோணும்

மதுரை சித்தி: மிக்சியை விட்டு விட்டு ஓட்டு. ஒரேயடியா ஓட்டுனா சூட்டுல பிஸ்கட்ல இருக்குற எண்ணெய்ப்பசை இளகி அடியில அப்பிக்கிரும்

நான்: பிசைஞ்சாச்சே சித்தி. இப்ப என்ன பண்றது? இன்னும் அரை கப் பால் ஊத்தவா?

கோவை அத்தை: ஐயோ வேண்டாம்!!

கோவை அத்தை: பிஸ்கட் பாலை மெதுவாத்தான் குடிக்கும். ஊத்துனதும் காஞ்ச மாதிரி இருக்கும், பத்து நிமிஷத்துல தானா இளகும். அதுக்குள்ள அவசரப்பட்டு ஊத்திட்டா கையெல்லாம் ஒட்டும். உள்ள இருக்கற தேங்காயை வழிச்சு எடுத்துட்டு மாவை உதிர்த்துக்கோ. ஒரு டீஸ்பூன் பால் தெளி, பிசை, மூடி வெச்சிரு. பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்துட்டு அடுத்த ஸ்பூன்

அண்ணி: பதம் எப்படிப் பாக்கறது அத்தை?

கோவை அத்தை: கோலிக்குண்டு அளவு எடுத்து உள்ளங்கையில வெச்சு அமுக்கு. ஓரம் பிளந்தா இன்னும் அரை ஸ்பூன் பால். பிளக்காம வட்டமா நின்னு, கையிலயும் ஒட்டலைன்னா சரி. பூரி மாவு இறுக்கம்

மதுரை சித்தி: ஏற்கெனவே தளந்துபோச்சுன்னா கோகோவைக் கொட்டாதே, கசக்கும். பிஸ்கட் பொடியைத் தூவு

பெரியண்ணன்: எனக்கு ரெண்டு பீஸ் எடுத்து வைங்க

அண்ணி: வந்துட்டாரு

நான்: தேங்காய் மூடி துருவினதுதான் போட்டேன். பரவாயில்லையா?

மதுரை சித்தி: ஈரத் தேங்காயா? அதான் சர்க்கரை தண்ணி விட்டு உள்ள வழுக்குது. ரோல் பிரிஞ்சு வர்றதுக்கும் அதுதான் காரணம். நாளைக்கு வெயில்ல ஊசியும் போயிரும். கடையில விக்கிற உலர் தேங்காய்த்தூள் அரை கப், பொடிச்ச சர்க்கரை கால் கப், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய் ஒரு சிட்டிகை. வெண்ணெயை உருக்காதே, வெளியில வெச்சு இளகினாப் போதும். கொப்பரை வாங்குனா மோந்து பாத்து வாங்கு, காறல் வாடை இருந்தா மொத்தமும் பாழ்

மதுரை சித்தி: சர்க்கரையும் நைஸாப் பொடிக்கணும்

கோவை அத்தை: நான் ஒண்ணு சொல்லட்டா. ஸ்டாலுக்கு ரோலே வேண்டாம் கண்ணு. அரை மணி நேரம் வெளியில இருந்தா வெண்ணெய் இளகி சுருள் தளர்ந்துரும். இந்த ஒண்ணை வீட்டுக்கு வெச்சுக்கோ. ஸ்டாலுக்கு கண்டன்ஸ்டு மில்க்ல உருண்டை புடி

மதுரை சித்தி: இது சரி. பால் சேர்த்தது ஃப்ரிட்ஜ்லயே ரெண்டு மூணு நாள்தான். கண்டன்ஸ்டு மில்க்ல சர்க்கரை ஜாஸ்தி, அதனால கொஞ்சம் தாங்கும்

நான்: 50க்கு அளவு?

கோவை அத்தை: பிஸ்கட் 400 கிராம். பாக்கெட்டை எண்ணாதே, மேல போட்டிருக்கற எடையைப் பாரு. கோகோ 4 மேசைக்கரண்டி, உலர் தேங்காய்த்தூள் அரை கப், உப்பு ஒரு சிட்டிகை. கண்டன்ஸ்டு மில்க் ஒரு டின், முக்கால்வாசி முதல்ல ஊத்து, மீதி பதம் பாத்து. சர்க்கரை தனியா வேண்டவே வேண்டாம். 15 கிராம் வீதம் உருட்டுனா 50க்குக் குறையாது

அண்ணி: கோகோவுக்குப் பதிலா வீட்ல டிரிங்கிங் சாக்லேட் இருக்கு, போடலாமா?

கோவை அத்தை: அதுல பெரும்பங்கு சர்க்கரைதான். நிறமும் வராது, திகட்டும். கோகோவையே வாங்கு, பிஸ்கட் பொடியோட சேர்த்துச் சலிச்சிரு. இல்லைன்னா கசப்புக் கட்டி வாயில மாட்டும்

நான்: க்ரீம் பிஸ்கட் ஒரு பாக்கெட் கிடக்கு, அதையும் சேக்கலாமா?

மதுரை சித்தி: சேத்துக்கோ, ஆனா க்ரீம்ல கொழுப்பு இருக்கு, கண்டன்ஸ்டு மில்க்கை அந்த அளவு குறைச்சுக்கோ. நமுத்த பிஸ்கட்னா வெறும் வாணலில சிறுதீயில ரெண்டு நிமிஷம் பிரட்டி, ஆறவிட்டுப் பொடி. சூடா மிக்சில போட்றாதே

கோவை அத்தை: உருட்டறப்போ கையில ஒரு துளி நெய். உருட்டுன உடனே தேங்காய்த்தூள்ல பிரட்டு, மேல் காஞ்சுட்டா ஒட்டாது

பெரியண்ணன்: பாதாம் முந்திரி ஒண்ணும் கிடையாதா

அண்ணி: ஸ்டால்ல போடக் கூடாதுங்க, சில பிள்ளைகளுக்கு ஒத்துக்காது. டப்பா மேல மைதா, பால், தேங்காய் இருக்குன்னு எழுதி ஒட்டிரு

மாலை 6.40

நான்: (படம்) பதம் வந்துருச்சு!! பத்து நிமிஷம் வெச்சதும் ஓரம் பிளக்கவே இல்ல. ரோலை ஃப்ரீசர்ல வைக்கவா?

மதுரை சித்தி: ஃப்ரீசர் வேணாம், வெளிப்பக்கம் கல்லாகி உள்ள தொளதொளன்னு நிக்கும், வெட்டுனா நொறுங்கும். பட்டர் பேப்பர்ல இறுக்கிச் சுத்தி ரெண்டு முனையையும் மிட்டாய் மாதிரி முறுக்கி, கீழ்த்தட்டுல ஒரு மணி நேரம்

மதுரை சித்தி: கத்தியைச் சுடுதண்ணில முக்கி, துடைச்சு, ஒரே அமுக்கு. அறுக்காதே, தேங்காய் இழுத்துக்கிட்டு வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் துடை

கோவை அத்தை: உருண்டை டப்பாவை நாளைக்கு ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் திறக்காதே. மூடியே அரை மணி இருக்கட்டும். உடனே திறந்தா மேல வேர்த்து தேங்காய் நசநசன்னு ஆயிரும்

நான்: சரி அத்தை. டின் வாங்கக் கடைக்குக் கிளம்பிட்டேன்

பெரியண்ணன்: ரெண்டு டின்னா வாங்கு