உப்புநீரைத் தாங்கிப் பூக்கும் செடிகள் எவை?

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பூச்செடிகள் நிலைப்பதில்லை. மண் மணற்பாங்கானது; ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு ஏறத்தாழ 2,500 மில்லிகிராம். ஐப்பசி மழையில் நட்ட செம்பருத்தியும் இட்லிப்பூவும் மழைநீர் இருந்தவரை செழித்திருந்து, மாசியில் கிணற்று நீருக்கு மாறிய பின் நலியத் தொடங்கின. செம்பருத்தியின் இலை விளிம்புகள் தீய்ந்ததுபோல் பழுப்பாகிச் சுருள்கின்றன. இட்லிப்பூவின் தளிர்களோ, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, மற்றெங்கும் வெளிறிவிடுகின்றன.

நன்கு அலசிய தென்னை நார்க்கழிவையும் தொழுவுரத்தையும் கலந்து, ஜிப்சம் இட்டு, தென்னோலையால் மூடாக்குப் போட்டோம். இரும்புச்சத்துக் கரைசலைத் தெளித்தபோது தளிர்கள் சில நாள்கள் பச்சை பிடித்து மீண்டும் வெளிறின. மழைநீர்த் தொட்டியைப் பெரிதாக்க இடமில்லை. காகிதப்பூ மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் கொத்துக்கொத்தாகப் பூக்கிறது. அரளி தாங்கும் என்பதை அறிவேன். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு, வீட்டில் கைக்கெட்டியதை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கிறது.

பிற்பகல் வெயில் முழுதும் விழும் மேற்குச் சுவரோரத்தில், இத்தகைய நீரைக் கொண்டே பல ஆண்டுகள் நிலைத்துப் பூக்கும் நஞ்சற்ற குத்துச்செடிகளாக நீங்கள் வளர்த்துப் பார்த்தவை எவை?