புது ஃபிளாஷ், ஓட்டு வீடு: யாராவது வழி சொல்லுங்க

வணக்கமுங்க. கேமரா மேல் மாட்டுகிற ஃபிளாஷ் இப்போதுதான் முதல் தடவை வாங்கினேன். வர்ற ஞாயிறு கோபி பக்கம் மாசமாக இருக்கிற மாமன் மகளுக்குக் கட்டுச்சோற்று விருந்து, அதற்குள் கை பழகட்டும் என்று நேற்று சாயங்காலம் அம்மாயியைத் திண்ணையில் உட்கார வைத்து எடுத்துப் பார்த்தேன்.

முதல் பத்துப் படத்திலும் கீழே கறுப்புப் பட்டை. ஃபிளாஷ் பழுது என்றே நினைத்துவிட்டேன், அப்புறம் பார்த்தால் ஷட்டர் வேகம் 1/500-ல் நிற்கிறது. என் கேமரா ஃபிளாஷோடு 1/200 வரைதான் ஒத்துப்போகும், அதைத் தாண்டினால் வெளிச்சம் அடிக்கும்போதே ஷட்டரின் இரண்டாவது திரை மூட ஆரம்பித்துவிடுகிறது. குறைத்ததும் பட்டை போய்விட்டது. சரி, அது முடிந்தது.

இப்போது சிக்கல் வேறு. நேராக அடித்தால் நெற்றித் திருநீறும் மூக்குத்தியும் வெளுத்துப்போய், பின்சுவரில் கன்னங்கரேலென்று நிழல் விழுகிறது. "என்ன கண்ணு, மின்னல் வெட்டுது" என்று அம்மாயி வேறு கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். ஃபிளாஷ் தலையை மேலே திருப்பினால் ஓட்டுக்கூரை பாதி வெளிச்சத்தை விழுங்கிவிட்டு, மீதியைச் செங்கல் நிறத்தில் இறக்குகிறது. வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பியபோது மட்டும் முகம் அழகாக வந்தது, ஆனால் விருந்தன்று அந்தச் சுவரை ஒட்டிச் சொந்தக்காரர்கள் நிற்பார்கள்.

மாமன் வீடும் ஓட்டு வீடுதானுங்க. வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டு போட்டு ஃபிளாஷில் கட்டினால் போதுமா, இல்லை யாரையாவது தெர்மாகோல் பிடிக்கச் சொல்லலாமா? கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800, லென்ஸ் திறப்பு எஃப்/4 வைத்திருக்கிறேன். ஃபிளாஷ் வெளிச்ச அளவைக் கேமராவே கணக்குப் போடுகிற டிடிஎல்லிலேயே விடலாமா, நானே அளவு வைக்கிற மேனுவலுக்குப் போகலாமா?