பிரைட்டன் நகரக் காவல்படையைக் கலைத்தது எது: ஊழலா, எண்ணிக்கையா?

உப்புக்காற்று:
இங்கிலாந்தின் பிரைட்டன் நகரக் காவல்படை 1968 ஜனவரி 1 அன்று சசெக்ஸ் படையோடு சேர்க்கப்பட்டது. விதை 1957 ஊழல்தான். அந்த அக்டோபரில் படையின் தலைவரான சீஃப் கான்ஸ்டபிள் சார்லஸ் ரிட்ஜே கைதானார். அவரோடு துப்பறியும் இன்ஸ்பெக்டர் ஹாமர்ஸ்லியும் சார்ஜென்ட் ஹீத்தும். இருவருக்கும் ஐந்தாண்டுச் சிறை. ரிட்ஜ் விடுதலை ஆனாலும், அவர்களுக்கு மேலிருந்து நேர்மையான தலைமை கிடைக்கவில்லை என்று நீதிபதி டோனவன் சொல்லிவிட்டார்.

பழைய_ஏடு:
ஊழல் என்றால் பத்தாண்டு ஏன் காத்திருந்தார்கள்? இந்த வழக்கோடு சம்பந்தமே இல்லாத ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ் படைகளும் அதே நாளில்தானே போயின! 1966 மே மாதம் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் 117 படைகளை 49 ஆக்கப்போவதாக அறிவித்தார். கணக்கு அவ்வளவுதான். சின்னப் படைகளை விழுங்குவது பழைய வழக்கம்: 1888 சட்டம் பத்தாயிரம் பேருக்குக் குறைந்த நகரங்களின் படைகளை எடுத்துக்கொண்டது, 1946 சட்டம் இன்னொரு தொகுதியை முடித்தது.

உப்புக்காற்று:
எண்ணிக்கை மட்டும் பார்த்தால் வாட்ச் கமிட்டி விட்டுப்போகும். நகரசபை உறுப்பினர்கள் அடங்கிய இத்தகைய குழுக்கள்தான் 1835 சட்டப்படி நகரப் போலீஸை வேலைக்கு எடுத்தன, நீக்கின. 1958 மார்ச் 7 அன்று பிரைட்டன் குழு ரிட்ஜை நீக்கியது. குற்றச்சாட்டு நோட்டீஸ் இல்லை, விளக்கம் கேட்கவில்லை. மார்ச் 18இல் வக்கீலைப் பேசவிட்டார்கள், ஆனால் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஓய்வூதியமும் போயிற்று. அவர் ஓய்வுபெற அனுமதி கேட்டது அதைக் காப்பாற்றத்தான்.

சட்டச்சுருள்:
அங்கேதான் குழு சறுக்கியது. 1882 நகராட்சிச் சட்டத்தின் 191ஆம் பிரிவு, கடமையில் அசட்டையானவர், தகுதியற்றவர் என்று குழு கருதினால் நீக்கலாம் என்றது. அப்படிக் கருதுவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 1963இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். நீக்கம் செல்லாது. நம் பக்கம் கவனிக்க ஒன்று: உரிமத்தை ரத்துசெய்ய விசாரணை வேண்டாம் என்ற, இலங்கைத் துணி வியாபாரி நக்குடா அலியின் 1950 வழக்குத் தீர்ப்பை அந்த ஐவரில் ஒருவரான ரீட் பிரபு இதில்தான் கடுமையாக விமர்சித்தார்.

பழைய_ஏடு:
தீர்ப்பு அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நீக்கும் முறையைத்தான் திருத்தியது. படையின் ஆயுளைத் தொடவில்லை.

உப்புக்காற்று:
தொட்டது, சுற்றி வந்து. 1959இல் நாட்டிங்ஹாம் குழு தன் சீஃப் கான்ஸ்டபிள் பாப்கெஸ்ஸை இடைநீக்கம் செய்ய, உள்துறை அமைச்சர் பட்லர் தலையிட்டுத் திரும்ப அமர்த்தவைத்தார். இந்தச் சச்சரவுகள் சேர்ந்துதான் 1960இல் போலீஸ் அமைப்பை ஆராய அரசின் விசாரணைக் குழுவான ராயல் கமிஷன் வந்தது. 1964 போலீஸ் சட்டம் கீழ்நிலைக் காவலரின் நியமனத்தையும் ஒழுங்கு நடவடிக்கையையும் குழுவிடமிருந்து பிடுங்கி சீஃப் கான்ஸ்டபிளிடம் கொடுத்தது. ஜென்கின்ஸ் கட்டாய இணைப்புக்குப் பயன்படுத்தியதும் அதே சட்டத்தைத்தான்.

பழைய_ஏடு:
சட்டம் ஒன்று, பிரிவுகள் வேறு. இணைப்புப் பிரிவு கேட்டது படை திறமையாக நடக்குமா என்று மட்டுமே.