எஸ்.யூ. எச்.எஸ்.4 கார்பரேட்டர்: த்ராட்டில் ஷாஃப்ட்டில் ஆட்டம், ஷாஃப்ட் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி:
லிவர் பக்கம் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் டக் டக்கென்கிறது. ஐட்லிங் ஒரு இடத்தில் நிற்பதில்லை. மிக்ஸ்சர் நட்டை (பெட்ரோல்-காற்று விகிதத்தைச் சரிசெய்வது) எவ்வளவு திருகினாலும் பலனில்லை. புது ஷாஃப்ட் போதுமா, கார்பரேட்டர் பாடியில் புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோகக் குழல்) போட வேண்டுமா? துளையை ட்ரில்லிங் மெஷினிலேயே பெரிதாக்கலாமா?

மறுமொழி 1:
முதலில் ஷாஃப்ட் ஓரமாகத்தான் வெளிக்காற்று புகுகிறதா என்று உறுதி செய்யுங்கள். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கெட்டி கிரீஸ் அப்புங்கள். ஓட்டம் சீரானால் லீக் அங்கேதான். கார்ப் க்ளீனர் பீச்சிப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருந்தால் தீப்பிடிக்கும், வேண்டாம்.

பிறகு ஷாஃப்ட்டைக் கழற்றி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். தேயாத இடத்தில் 7.94 மி.மீ. (5/16 அங்குலம்) இருக்கும். துளைக்குள் சுழலும் இடத்தில் 0.05 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் ஷாஃப்ட் போச்சு. புது ஷாஃப்ட்டைச் சும்மா செருகிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் பாடியும் தேய்ந்திருக்கிறது.

கழற்றும்போது கவனம்: டிஸ்க்கை (ஷாஃப்ட்டோடு சுழன்று காற்றுப் பாதையைத் திறந்து மூடும் வட்டத் தகடு) பிடிக்கும் ஸ்க்ரூக்களின் பிளந்த முனை விரிந்திருக்கும். அதைக் குறட்டால் நெருக்கிவிட்டோ அரத்தால் ராவிவிட்டோதான் திருக வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட்டின் மரை போய்விடும். டிஸ்க் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
ட்ரில் பிட் கூடவே கூடாது. துளை வட்டமாகத் தேய்வதில்லை, ஸ்ப்ரிங் இழுக்கும் திசையில் முட்டை வடிவாகிறது. ட்ரில் பிட் அந்தப் பள்ளத்தைத்தான் பிடித்துக்கொண்டு போகும். சென்டர் விலகினால் டிஸ்க் முழுதாக மூடாது.

மில்லிங் மெஷினில் பாடியைக் கட்டி, குறைவாகத் தேய்ந்த இடத்தை டயல் கேஜில் பிடித்து, போரிங் பாரால் 9.5 மி.மீ.க்குக் கடையுங்கள். வெண்கல புஷ்ஷை இறுக்கி அடித்தால் பழைய வார்ப்பு விரிசல் விடும், புஷ்ஷின் உள்துளையும் சுருங்கும். வழுக்கிக்கொண்டு நுழையும் அளவில் கடைந்து ரீட்டெய்னிங் காம்பவுண்டால் (உலோகப் பாகங்களை ஒட்டும் பசை) ஒட்டுவது நல்லது. புஷ் காற்றுப் பாதைக்குள் துருத்தக் கூடாது. ஒட்டியது இறுகியபின் நீள ரீமரை (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே ஓட்டமாக விடுங்கள். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.025 முதல் 0.05 மி.மீ. இடைவெளி போதும்.

கேட்டவர்:
லிவர் பக்கம் மட்டும் புஷ் போட்டால் போதாதா சார்?

மறுமொழி 2:
மறுபக்கம் புது ஷாஃப்ட் ஆடாவிட்டால் தாராளமாக. அந்தத் துளையே ரீமருக்கு வழிகாட்டியும் ஆகும்.

மறுமொழி 3:
பூட்டும்போது டிஸ்க் ஸ்க்ரூவை லேசாக விட்டு, ஐட்லிங் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி, த்ராட்டிலை இரண்டு மூன்று முறை படாரென்று மூடுங்கள். டிஸ்க் தானே மையத்தில் உட்காரும். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துச் சுற்றிலும் ஒரே கீற்றாகத் தெரிந்தால் இறுக்குங்கள். ஸ்க்ரூ புதிதாகவே இருக்கட்டும், பிளந்த முனையை விரித்துவிடுங்கள். கழன்றால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

லீக் அடைபட்டதும் பழைய மிக்ஸ்சர் செட்டிங் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) அடிக்கும். ஜெட்டை (பெட்ரோல் வரும் குழல்) பாலத்துக்கு (காற்றுப் பாதையில் ஜெட் எட்டிப்பார்க்கும் மேடு) சமமாக ஏற்றி, அங்கிருந்து மிக்ஸ்சர் நட்டை இரண்டு சுற்று (ஆறு பட்டை நட், ஆக 12 முகம்) இறக்கி ட்யூனிங்கைப் புதிதாகத் தொடங்குங்கள்.