டேட்டாபேஸ் ஃபங்ஷனில் இருந்து இரண்டு மதிப்பு வேண்டும், அவசரம்

கேள்விக்குறி:
வணக்கம். பில் நம்பரைக் கொடுத்தால் மொத்தத் தொகை, வரி இரண்டையும் தருகிற மாதிரி ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எரர் எதுவும் இல்லை, ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டத்தில் (4720.00,720.00) என்று வருகிறது. தனித்தனியாக வேண்டும். மாலைக்குள் ரிப்போர்ட் போயாக வேண்டும்.

வைகைக்கரை:
எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன்? ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

ராப்பறவை:
ஃபங்ஷன் ஒரு மதிப்புதான் தரும் ப்ரோ. புரொசீஜராக (தனியாகக் கூப்பிட்டு ஓட்டுகிற நிரலாக) மாற்றி இரண்டு அவுட் பாராமீட்டர், அதாவது விடையை வெளியே தருகிற மாறிகள், வையுங்கள், வேலை முடிந்தது.

பழைய டிபிஏ:
அது மைஎஸ்கியூஎல் கதை. அடைப்புக்குறியும் கமாவுமாக வருவதைப் பார்த்தாலே போஸ்ட்கிரெஸ் என்று தெரிய வேண்டாமா? கேட்கிறவரும் சொல்வதில்லை, பதில் சொல்கிறவரும் பார்ப்பதில்லை.

கேள்விக்குறி:
ஆமாம் சார், போஸ்ட்கிரெஸ் 13. அவுட் பாராமீட்டர் இரண்டு ஏற்கெனவே இருக்கிறது. செலக்ட் பில்_தொகை(1042) என்று கூப்பிடுகிறேன். இப்போதைக்கு கமாவில் வெட்டிப் பிரித்துவிடலாமா?

வைகைக்கரை:
வேண்டாம், ஃபங்ஷனில் தப்பே இல்லை. செலக்ட்டுக்குப் பக்கத்திலேயே போட்டால் முழு வரிசையையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும். டேபிள் மாதிரி நினைத்து ஃப்ரம்முக்குப் பின்னால் போடுங்கள்: செலக்ட் * ஃப்ரம் பில்_தொகை(1042).

தயிர்சாதம்:
செலக்ட் (பில்_தொகை(1042)).* என்றாலும் பிரியும்.

பழைய டிபிஏ:
பிரியும், ஆனால் எத்தனை நெடுவரிசையோ அத்தனை தடவை ஃபங்ஷன் ஓடும். உள்ளே கனமான கணக்கு இருந்தால் தெரியும் சேதி. பல பில்லுக்கு ஒன்றாக எடுப்பதென்றால் பில் டேபிளோடு லேட்டரல் (டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஃபங்ஷனை ஓட்டிச் சேர்க்கிற முறை) போட்டுச் சேர்க்க வேண்டும், அது போஸ்ட்கிரெஸ் 9.3-லேயே வந்துவிட்டது.

ராப்பறவை:
எதுவானாலும் புரொசீஜர்தான் சுத்தம்.

வைகைக்கரை:
போஸ்ட்கிரெஸில் புரொசீஜரே 11-ல்தான் வந்தது, அதற்கு அவுட் பாராமீட்டர் 14-ல். இவர் இருப்பது 13, அதில் மதிப்பை வாங்கிக்கொண்டு திருப்பியும் தருகிற இன்அவுட் மட்டும்தான். தவிர புரொசீஜரை செலக்ட்டுக்குள் கூப்பிடவும் முடியாது, கால் (CALL) என்ற கட்டளை போட வேண்டும்.

தயிர்சாதம்:
முதலில் வரிக் கணக்கை எதற்கு டேட்டாபேஸுக்குள் வைக்கிறீர்கள்? ஆப்பில் எழுதினால் டெஸ்ட் பண்ணலாம், கிட்டில் (Git) கோடு மாறிய வரலாறு இருக்கும்.

பழைய டிபிஏ:
மூன்று ஆப் ஒரே டேபிளைத் தொடுகிற இடத்தில் வேலை பார்த்திருக்கிறீர்களா தம்பி? ரவுண்டிங்கை மூன்று பேரும் மூன்று விதமாகப் பண்ணி, பில்லுக்கு ஒரு பைசா இடித்து, அந்தப் பைசாவைத் தேடி ஒரு வாரம் உட்கார்ந்தவன் நான்.

தயிர்சாதம்:
அது டேட்டாபேஸ் பிரச்சினை இல்லை அண்ணா, டீம் பிரச்சினை.

கேள்விக்குறி:
ஃப்ரம் போட்டதும் பிரிந்து வந்துவிட்டது, நன்றி. மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார், அப்புறம் வருகிறேன்.

வைகைக்கரை:
சரி. ஒரு பில்லுக்கா, மாதத்துக்கே எடுக்கிறீர்களா? லூப்பில் வைத்து ஒவ்வொன்றாகக் கூப்பிடவில்லையே?